புதினாவின் சொந்தபந்தம்: சேலத்துக் கேள்விகளும் பதில்களும்

அஸ்தம்பட்டி, ஆசிரியை: ஐயா, சதுரத் தண்டும் எதிரெதிர் இலையும் இருந்தால் அது துளசிக் குடும்பம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். ஏற்காடு மலைப்பாதையில் ஒரு மாணவன் உண்ணிச்செடியை ஒடித்துக் காட்டினான். அதுவும் சதுரம்தான். எப்படிப் பிரித்தறிவது?

பதில்: அவனைப் பாராட்டுங்கள் அம்மா, சரியான இடத்தில் கை வைத்திருக்கிறான். உண்ணிச்செடி வெர்பினேசி குடும்பம், பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம். தண்டை விட்டுவிட்டுப் பூங்கொத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணியில் வெளிவட்டப் பூக்கள் முதலில் விரியும், நடு மொட்டுகள் கடைசியில்தான். நொச்சியோ துளசியின் சொந்தம், அதன் கதிரில் உள்ள ஒவ்வொரு சிறு கொத்திலும் நடுப்பூ முதலில் விரியும், பக்கப்பூக்கள் பிறகு வரும். துளசிக் குடும்பம், அதாவது புதினாக் குடும்பத்தின் அமைப்பு இதுதான். துளசிக்கும் தும்பைக்கும் இன்னொரு சோதனை உண்டு. காய்ந்த கதிரிலிருந்து ஒரு புல்லிவட்டத்தை (பூவின் அடியில் உள்ள கிண்ணத்தை) கிள்ளி உள்ளங்கையில் கசக்கினால் நான்கு விதைகள் உதிரும். மூன்றுதான் இருந்தால் ஒன்று முன்பே கொட்டியிருக்கலாம், அல்லது வளராமல் போயிருக்கலாம்.

ஆத்தூர், விவசாயி: தேக்கு புதினாவுக்குச் சொந்தம் என்கிறார்களே, நம்பவே முடியவில்லை.

பதில்: தேக்கங்கொட்டை ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள், உள்ளே நான்கு அறைகள் இருக்கும். துளசியில் நான்காக உடைவது இங்கே ஒரே கொட்டைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. ஒரு கொட்டையிலிருந்து சில நேரம் இரண்டு மூன்று கன்றுகள் கிளம்புவது அதனால்தான். ஓடு கெட்டியாக இருப்பதால் விதைத்தவுடன் முளைக்காது. இரவு ஊறவைத்துப் பகலில் வெயிலில் காயப்போடுவதை ஒரு வாரம் மாற்றி மாற்றிச் செய்தபின் விதையுங்கள். பழைய நூல்களில் தேக்கு உண்ணிச்செடிக் குடும்பத்தில் இருந்தது. 1990களில்தான் பரவலாகப் புதினாக் குடும்பத்துக்கு மாற்றினார்கள். 2017இல் அதற்கென்றே தனித் துணைக்குடும்பம் (குடும்பத்துக்குள் ஒரு பிரிவு) அமைத்தார்கள். அத்துடன் துணைக்குடும்பங்கள் மொத்தம் 12. ஆகவே தேக்கும் புதினாவும் ஒரே குலம், வேறு வேறு வீடு. குமிழ மரமும் முன்னை மரமும் சேர்ந்து இன்னொரு வீடு.

ஓமலூர்: கற்பூரவல்லி ஓமம் போலவே மணக்கிறதே, இரண்டும் உறவா?

பதில்: இல்லை. ஓமம் கொத்தமல்லிக் குடும்பம். தைமால், கார்வக்ரால் என்ற எண்ணெய்ப் பொருள்கள்தான் அந்த மணத்துக்குக் காரணம், அவற்றைத் தொடர்பே இல்லாத செடிகளும் தயாரிக்கும். மணத்தை வைத்து உறவு சொல்வதுதான் இந்தக் குடும்பத்தில் நடக்கும் பெரிய தவறு. துளசி, புதினா, ரோஸ்மேரி, கற்பூரவல்லி இருக்கும் துணைக்குடும்பத்துக்கு நம்பகமான அடையாளம் மகரந்தத்தில் இருக்கிறது. நுண்ணோக்கியில் ஆறு பள்ளங்கள் தெரியும், தும்பையில் பெரும்பாலும் மூன்று. நறுமண எண்ணெய் தரும் பச்சோலிச் செடி வாசனையில் யாருக்கும் குறைந்ததல்ல, ஆனாலும் அது தும்பையின் வீட்டுப் பிள்ளை.

தலைவாசல், விவசாயி: மருந்துக்குக் கிழங்கு எடுக்கும் மருந்துகூர்க்கன் போட்டிருக்கிறேன். ஒரு தாளில் கோலியஸ் என்றும் இன்னொன்றில் பிளெக்ட்ராந்தஸ் என்றும் இருக்கிறது. வேறு ரகமா?

பதில்: ஒரே செடி. 2019இல் செய்த பெயர் ஒழுங்கில் கற்பூரவல்லி, சிறுகிழங்கு, கூர்க்கன் எல்லாம் கோலியஸ் பேரினத்துக்கு (நெருங்கிய இனங்களின் தொகுப்புக்கு) திரும்பின. கோலியஸ் ஃபோர்ஸ்கோலி, கோலியஸ் பார்பேட்டஸ் இரண்டும் கூர்க்கனின் பெயர்களே. நடவுக்கு 10 முதல் 12 செ.மீ. நுனித்தண்டு, பாருக்குப் பார் 60 செ.மீ., செடிக்குச் செடி 45 செ.மீ. கிழங்கு எடுக்க ஆறு மாதம் ஆகும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகி வாடும். வேர்முடிச்சு நூற்புழு தாக்கிய செடியிலிருந்து தண்டு எடுக்காதீர்கள். கூர்க்கன் எடுத்த நிலத்தில் மறுபடி கூர்க்கனோ கத்தரி, தக்காளியோ வேண்டாம், துலுக்கச் சாமந்தி போடுங்கள்.

அம்மாபேட்டை: சப்ஜாவும் சியாவும் ஒன்றா?

பதில்: இல்லை. சப்ஜா திருநீற்றுப்பச்சிலையின் விதை, முழுக் கறுப்பு, சில நிமிடங்களில் ஊறிவிடும். சியா மெக்சிகோ, குவாத்தமாலாப் பக்கத்து சால்வியா. சாம்பலில் புள்ளி போட்டது போல இருக்கும், ஊற அதிக நேரம் எடுக்கும்.

ஏற்காடு: இந்தக் குடும்பம் எங்கே பிறந்தது? புதினா விதை வாங்கி விதைத்தும் இலை மணமே இல்லை, ஏன்?

பதில்: அடிமரத்திலிருந்து முதலில் பிரிந்த கிளைகளில் ஒன்று ஆஸ்திரேலியாவுக்கே உரியது. இன்னொன்றான காலிகார்ப்பா என்ற செடிவகைக்குக் கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில்தான் இனங்கள் அதிகம். அதனால் கிழக்குத் திசையில்தான் தேட வேண்டும். புதினா இனங்கள் பின்னால் வந்தவை, ஐரோப்பா, ஆசியாவின் ஈரமான மிதவெப்பப் பகுதிகளில் பெருகியவை. அவை ஒன்றோடொன்று எளிதில் கலந்துவிடும். பயிராகும் புதினாக்களில் பல கலப்பினம், விதை பிடித்தாலும் தாயைப் போல வராது. கட்டுப் புதினாவில் நான்கு அங்குலத் தண்டை எடுத்து, கீழிலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி அரைநிழலில் நடுங்கள். வேர் கணுவிலிருந்துதான் வரும்.