மூன்றரை வருட டிப்ளமோவில் அந்த ஆறு மாதம் வீணா?

கேள்வி: மகன் பத்தாவது முடித்துவிட்டான், மெக்கானிக்கல் டிப்ளமோ சேர்க்கிறோம். ஒரு பாலிடெக்னிக்கில் சாண்ட்விச் கோர்ஸ் கிடைக்கிறது, ஆனால் மூன்றரை வருடமாம். “ரெகுலர்ல சேர்ந்து சாயங்காலம் மாமாவோட செல்போன் கடையில வேலை பார்க்கிறேன், ஆறு மாசம் மிச்சம்” என்கிறான். எது நல்லது? – வாசகி, கோவை

பதில்: வீட்டு நிலைமை இடம் கொடுத்தால், படிப்புக்கு நடுவே தொழிற்சாலைப் பயிற்சியும் வரும் சாண்ட்விச்சிலேயே சேருங்கள். அந்த ஆறு மாதம் வீண் இல்லை. மொத்தம் ஏழு செமஸ்டர். நான்காவதிலும் ஏழாவதிலும் தொழிற்சாலைப் பயிற்சி இருக்கும். வேலை படிப்புக்குள்ளேயே வருகிறது, அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. கடை வேலை அப்படியில்லை, படிப்புக்கு வெளியே நிற்கும். இரவு பத்து மணிக்குக் கடை சாத்திவிட்டு வருகிற பையன் காலை முதல் பீரியடைத் தவறவிடுவான். வருகைப் பதிவு குறைந்தால் தேர்வே எழுத முடியாது.

அனுபவத்திலும் வித்தியாசம் உண்டு. கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஜாபை, அதாவது கொடுத்த உலோகப் பாகத்தை, கடைந்து முடிக்க மதியம் முழுக்க நேரம் இருக்கும்; அளவு கொஞ்சம் கூடினாலும் இரண்டு மார்க்தான் போகும். பம்ப் கம்பெனியில் ஒரு ஷாஃப்ட் 0.02 மில்லிமீட்டர் தப்பினால் கழித்த பாகங்களைப் போடும் சிவப்புப் பெட்டிக்கு நேராகப் போய்விடும். ஏன் தப்பியது, டூல் தேய்ந்ததா, மெஷினில் வைத்த ஆஃப்செட் அளவு மாறியதா என்று சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று கேட்பார். இதைப் பதினேழு வயதில் கற்றுக்கொள்வது பெரிய விஷயம்.

ஆனால் எல்லாப் பயிற்சியும் இப்படி நடப்பதில்லை. ஆறு மாதமும் பேக்கிங்கில் நிற்க வைத்து அனுப்பிய இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அது பையனுக்குச் செய்யும் துரோகம். அதனால் சேரும் முன்பே கல்லூரியில் விசாரியுங்கள்: எந்தக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறார்கள், மாணவர்களைப் பிரிவு பிரிவாக மாற்றுகிறார்களா, ஆசிரியர் வந்து பார்க்கிறாரா?

அப்புறம் பணம். பயிற்சிக்கான ஒப்பந்தம் 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் பதிவாகிறதா என்று கேளுங்கள். பதிவானால், டிப்ளமோ சாண்ட்விச் மாணவருக்கு 2019 விதிகள் வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். வேலையில் அடிபட்டால் இழப்பீடு தரும் பொறுப்பும் நிறுவனத்துக்கு வரும். பதிவு இல்லையென்றால் அவர்கள் கொடுப்பதுதான் தொகை. கேன்டீனுக்கும் பஸ்ஸுக்கும் பிடித்தது போக எவ்வளவு மிஞ்சும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள்: பயிற்சியில் செய்த வேலையைக் குறிக்கும் லாக் புக்கை அன்றன்றே எழுத வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து ஆறு நாளுக்கும் “மெஷின் ஷாப்பில் வேலை செய்தேன்” என்று நிரப்புவதுதான் பையன்களின் வழக்கம். இன்டர்வியூவில் “எந்த மெஷின் ஓட்டின? என்ன ஜாப்? டாலரன்ஸ் (அளவு எவ்வளவு வரை தப்பலாம்) எவ்வளவு?” என்று கேட்பார்கள். அந்தப் பதில் நோட்டில் இருந்தால்தான் வாயில் வரும்.

பி.இ. ஆசை இருந்தாலும் கவலை வேண்டாம். டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இல்லை, வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம். உங்கள் ஊரிலேயே ஜி.சி.டி., சி.ஐ.டி., பி.எஸ்.ஜி. டெக் போன்ற கல்லூரிகள் வேலையில் இருக்கும் டிப்ளமோக்காரர்களுக்குப் பகுதிநேர பி.இ. நடத்தி வந்திருக்கின்றன. மாலை வகுப்பு, மூன்றரை வருடம்.

குடும்பத்துக்கு மாதாமாதம் அவன் வருமானம் வேண்டியே இருக்கிறது என்றால், அது வேறு கணக்கு. அப்போது ரெகுலர் கோர்ஸும் கடையும் சரிதான், தப்பில்லை. சனி, ஞாயிறும் விடுமுறையும் மட்டும் என்று மாமாவிடம் இப்போதே பேசி வையுங்கள்.

அட்மிஷனுக்குப் போகும்போது தம்பியையும் கூட்டிப் போங்கள். ஏழாவது செமஸ்டர் பையன்கள் இரண்டு பேரைப் பிடித்து, போன பயிற்சியில் என்ன வேலை கொடுத்தார்கள் என்று அவனே கேட்கட்டும்.