வீக்கம் வடிந்துவிட்டது, மகளைக் கபடியில் இறக்கலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளிக் கபடி அணியில் ரெய்டர். மூன்று வாரம் முன்பு பாடிப் போய்விட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பும்போது வலது முட்டி மடங்கி விழுந்துவிட்டாள். யாரும் மேலே விழவில்லை. உள்ளே ‘டொக்’ என்று சத்தம் கேட்டதாம். வீட்டுக்கு வருவதற்குள் முட்டி நன்றாக வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றார்கள். தெரிந்தவர் ஒருவர் எண்ணெய் போட்டு நீவிவிட்டார். இப்போது வீக்கமும் இல்லை, வலியும் இல்லை. மாடிப்படி இறங்கும்போது மட்டும் முட்டி நழுவுகிற மாதிரி இருக்கிறது என்கிறாள். அடுத்த மாதம் மாவட்டப் போட்டி. ஆடவிடலாமா? ஸ்கேன் எடுக்க வேண்டுமா?
– ஒரு தாய், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: இப்போதைக்கு இறக்காதீர்கள். எலும்பு மருத்துவர் ஒருவர் முட்டியைக் கையால் சோதித்துச் சொல்லும் வரை அவள் மைதானத்துக்குப் போகவே வேண்டாம்.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், நீங்கள் எழுதியிருக்கும் விவரம்தான். யாரும் இடிக்காமல், ஓடுகிற வேகத்தில் திரும்பும்போது முட்டி மடங்கியிருக்கிறது. சத்தம் கேட்டிருக்கிறது. ஓரிரு மணி நேரத்தில் வீங்கியிருக்கிறது. அவ்வளவு சீக்கிரம் வீங்கினால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். விளையாடும்போது இப்படி ரத்தம் கட்டிய முட்டிகளில் ஏறக்குறைய பத்தில் ஏழில் ஏ.சி.எல். என்ற ஜவ்வு அறுந்திருக்கும். மூட்டின் நடுவில் குறுக்காக ஓடி, கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்துவைப்பது அதுதான். மெனிஸ்கஸ் என்ற குஷன் ஜவ்வு மட்டும் கிழிந்திருந்தால் வீக்கம் பெரும்பாலும் மெதுவாக, மறுநாள்தான் தெரியும். அதனால்தான் “எப்போது வீங்கியது?” என்று நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்.

எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், ஜவ்வைக் காட்டாது. வீக்கம் வடிந்தது கசிந்த ரத்தத்தை உடம்பு உறிஞ்சிக்கொண்டதால். அறுந்த ஜவ்வு ஒட்டிவிட்டது என்பதற்கு அது அடையாளம் இல்லை. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது படி இறங்கும்போது நழுவுகிறது என்ற வரிதான். தாங்க வேண்டிய ஜவ்வு தாங்கவில்லையோ என்ற சந்தேகம் அங்கேதான் வருகிறது.

சரி, மருத்துவர் என்ன செய்வார்? முதலில் நல்ல காலைப் பார்ப்பார். சிலருக்கு இயல்பாகவே மூட்டு தளர்வாக இருக்கும், அது தெரியாமல் அடிபட்ட காலை எடைபோட முடியாது. அப்புறம் முட்டிச் சில்லை மெல்ல அழுத்தி உள்ளே நீர் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார். மூட்டு இடுக்கை விரலால் தடவிக்கொண்டே போய், எங்கே வலிக்கிறது என்று கேட்பார். அந்த இடுக்கில் குறிப்பாக வலித்தால் மெனிஸ்கஸ் மேல் சந்தேகம் வரும். முட்டியைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்ப்பது ஓர ஜவ்வுகளுக்காக.

இதில் முக்கியமானது லாக்மன் சோதனை. படுக்கவைத்து, முட்டியை 20 முதல் 30 டிகிரி மட்டும் மடக்கி, ஒரு கையால் தொடையை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுப்பார்கள். நல்ல முட்டியில் கொஞ்சம் வந்து ‘டக்’கென்று நின்றுவிடும். ஜவ்வு அறுந்திருந்தால் அந்தத் தடுப்பு இருக்காது. எலும்பு கொழகொழவென்று முன்னால் வரும், எங்கே நின்றது என்றே சொல்ல முடியாது. பழகிய கைக்கு இது சில விநாடி வேலை. முட்டியை 90 டிகிரி மடக்கி இழுக்கும் சோதனையும் உண்டு. ஆனால் அடிபட்ட புதிதில் தொடையின் பின்தசை இறுகி எலும்பைப் பிடித்துக்கொள்ளும், அதனால் அது ஏமாற்றிவிடலாம். லாக்மனையே நான் அதிகம் நம்புவேன். அடிபட்ட அன்று வலியிலும் வீக்கத்திலும் எந்தச் சோதனையும் சரியாக வராது. மூன்று வாரம் கழித்து, வீக்கம் வடிந்திருக்கும் இந்த நேரம் அதற்கு நல்ல நேரம். உங்கள் மகள் காலைத் தளர்வாக விட வேண்டும், அவ்வளவுதான்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அதற்குப் பிறகு. கைச் சோதனையில் சந்தேகம் உறுதியானால், மெனிஸ்கஸும் சேர்ந்து கிழிந்திருக்கிறதா என்று பார்க்க அது தேவைப்படும். நேராக ஸ்கேன் சென்டருக்குப் போய் எடுத்துக்கொண்டு வர வேண்டாம். காலையே தொடாமல் ரிப்போர்ட்டை மட்டும் படித்துச் சொல்லும் தீர்ப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கடலூர் அரசு தலைமை மருத்துவமனையின் எலும்புப் பிரிவுக்குப் போகலாம், இல்லையென்றால் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. எக்ஸ்ரேயையும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எனக்கு எழுதிய அதே விவரத்தை, சத்தம், வீங்கிய நேரம், படியில் நழுவுவது எல்லாவற்றையும், அங்கேயும் சொல்லுங்கள்.

நீவுவதை நிறுத்திவிடுங்கள். எண்ணெயால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அடிபட்ட முதல் சில நாளில் அழுத்தி நீவினால் ரத்தக்கசிவு கூடும். முட்டியை இழுத்துச் ‘சரிபண்ணுவது’ அதைவிட மோசம்.

இடையில் முட்டி பாதியில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ, முட்டி சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் உடனே போங்கள். இன்னொன்று, இதைப் படிக்கும் பி.டி. ஆசிரியர்களுக்கு: அடிபட்டவுடன் நாலு அடிகூட எடுத்துவைக்க முடியாவிட்டாலும், முட்டியை 90 டிகிரி மடக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே கட்டாயம். முட்டி கோணிக்கொண்டு பாதம் சில்லிட்டுப்போனால் ரத்தக்குழாய்க்கு ஆபத்து, அது மணிக்கணக்கில் முடிவாகிற விஷயம்.

ஏ.சி.எல். அறுந்திருப்பது உறுதியானால்? எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. நடக்க, சைக்கிள் ஓட்ட, உடற்பயிற்சியே பலருக்குப் போதும். ஆனால் கபடி வெட்டித் திரும்பும் ஆட்டம். அதை ஆட விரும்பும் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஜவ்வு மாற்றும் ஆபரேஷனைத்தான் சொல்வார்கள். அவள் வயதுக்கு எலும்பு வளர்ச்சி முடிந்துவிட்டதா என்றும் பார்ப்பார்கள். அதற்குப் பிறகும் 9 மாதமாவது ஆகாமல் மைதானம் கூடாது. தேதி வந்தால் மட்டும் போதாது, அடிபட்ட காலின் பலம் மற்ற காலில் 90 சதவீதத்தையாவது தொட்டிருக்க வேண்டும்.

மாவட்டப் போட்டி போய்விடுமே என்று அவள் அழுவாள், தெரியும். ஆனால் தாங்காத முட்டியோடு ஆடி இன்னொரு முறை நழுவினால், இன்று நன்றாக இருக்கும் மெனிஸ்கஸும் கிழியலாம். அது போனால் முப்பது வயதிலேயே மூட்டுத் தேய்மானம் எட்டிப்பார்க்கலாம். பயிற்சியாளர் வற்புறுத்தினால் மருத்துவர் எழுதித் தரும் சீட்டைக் காட்டுங்கள். அதுவரை வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, தொடையை இறுக்கி அதைக் கீழே அழுத்தச் சொல்லுங்கள். ஐந்து விநாடி பிடித்து விட வேண்டும். பத்துப் பத்தாக, நாளைக்கு மூன்று வேளை. மூன்று வாரத்தில் அந்தத் தொடை இளைத்திருக்கும், எந்தச் சிகிச்சைக்குப் போனாலும் அந்தப் பலம் அவளுக்குத் தேவைப்படும்.