ரஷ்யாவை ஜப்பான் ஏன் தாக்கியது?

கேள்வி: 1904-ல் அவ்வளவு பெரிய ரஷ்யாவை ஜப்பான் ஏன் வம்புக்கு இழுத்தது? (வாசகர், கும்பகோணம்)

பதில்: வம்புக்கு இழுத்தது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. 1895-ல் சீனாவைத் தோற்கடித்து அதன் வடகிழக்கிலுள்ள லியாவோதுங் தீபகற்பத்தை ஜப்பான் எழுதி வாங்கியது, ஒரு வாரம்கூட ஆகவில்லை, ரஷ்யாவும் ஜெர்மனியும் பிரான்ஸும் சேர்ந்து நெருக்கி அதைத் திருப்பிக் கொடுக்க வைத்தன. சரி, அதோடு விட்டார்களா? 1898-ல் அதே தீபகற்பத்தின் தென்முனையை, போர்ட் ஆர்தர் துறைமுகத்தோடு சேர்த்து, ரஷ்யாவே குத்தகைக்கு எடுத்துக்கொண்டது! ரஷ்யாவின் பசிபிக் கடற்கரைத் துறைமுகமான விளாடிவோஸ்டாக் குளிர்காலத்தில் உறைந்துவிடும், போர்ட் ஆர்தர் உறையாது. ஜப்பானியர்களின் ஆத்திரம் இங்கேதான் முற்றியது.

அப்புறம் 1900-ல், சீனாவில் வெளிநாட்டவருக்கு எதிராக வெடித்த பாக்ஸர் கலகத்தைச் சாக்காக வைத்து, சீனாவின் வடகிழக்குப் பகுதியான மஞ்சூரியாவுக்குள் போன ரஷ்யப் படை, சொன்னபடி வெளியேறவில்லை. 1902-ல் பிரிட்டனோடு கூட்டணி அமைந்ததும் ஜப்பானுக்குத் துணிச்சல் வந்தது. ஆனாலும் 1903-ல் பேசித்தான் பார்த்தார்கள்: மஞ்சூரியாவில் உங்கள் நலன்களை ஏற்கிறோம், கொரியாவில் எங்கள் ஆதிக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று. இதில் கொரியர்களை யாரும் கேட்கவில்லை, அது பெரிய அநியாயம். ஜார் இரண்டாம் நிக்கோலஸ் அரசு பதிலை இழுத்தடித்தது. ஜப்பானை அவர்கள் துச்சமாக நினைத்ததுதான் முக்கியக் காரணம் என்பேன். 1904 பிப்ரவரி 8 இரவு போர்ட் ஆர்தரில் நின்ற ரஷ்யக் கப்பல்களை ஜப்பான் தாக்கியது. முறையான போர் அறிவிப்பு 10-ம் தேதிதான் வந்தது.