எஸ்எஃப்6 போனால் வேலையும் போகுமா?

வணக்கம் ஐயா. ட்ரிபிள் இ மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள் உயர் மின்னழுத்தத் துறைதான் வேண்டும் என்கிறார். உங்கள் மைத்துனரோ, "உயர் மின்னழுத்தக் கருவிகளில் நிரப்பும் எஸ்எஃப்6 வாயுவையே ஐரோப்பாவில் தடை செய்துவிட்டார்கள், மூடப்போகிற கடையில் போய் எதற்குத் தொழில் கற்க வேண்டும்?" என்கிறார்.

கடை திறந்துதான் இருக்கும் ஐயா. ஒரு சரக்கைத்தான் நிறுத்துகிறார்கள்.

காற்றைவிட இரண்டரை மடங்கு மின்காப்புத் திறன் கொண்ட வாயு எஸ்எஃப்6 (சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு). மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் திறக்கும்போது எழும் தீப்பொறியையும் அணைத்துவிடும். ஆனால் ஒரு கிலோ கசிந்தால், நூறாண்டுக் கணக்கில் சுமார் 24 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் புவியைச் சூடாக்கும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டுச் சட்டம், புதிய கருவிகளில் இதைப் படிப்படியாக நிறுத்துகிறது: 24 கேவி (கிலோவோல்ட்) வரை 2026 முதல், 24-க்கு மேல் 52 கேவி வரை 2030 முதல், 52-க்கு மேல் 145 கேவி வரை 2028 முதல், அதற்கும் மேல் 2032 முதல். சில விலக்குகளும் உண்டு. ஏற்கெனவே ஓடும் கருவிகளைக் கழற்றச் சொல்லவில்லை. அவை முப்பது, நாற்பது வருடம் உழைப்பவை. பராமரிக்க ஆள் வேண்டும்.

சரி, பதிலுக்கு எது வரும்? இங்கேதான் உங்கள் மகள் கவனமாக இருக்க வேண்டும். ஒரு வழி, சுத்தமான உலர்காற்றை நிரப்பி, மின்னோட்டத்தைத் துண்டிக்கும் வேலையை வெற்றிடக் குழாயிடம் விடுவது. கருவி கொஞ்சம் பெரிதாகும், அல்லது அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். இன்னொரு வழி ஃபுளோரோநைட்ரைல் என்ற வாயு. எஸ்எஃப்6-ஐப் போல இரு மடங்கு காப்புத் திறன் இருந்தாலும் மைனஸ் 5 டிகிரி வாக்கிலேயே திரவமாகிவிடும் என்பதால், கார்பன் டை ஆக்சைடில் சில சதவீதம் மட்டும் கலக்கிறார்கள். அதுவும் 'நிரந்தர ரசாயனங்கள்' (இயற்கையில் எளிதில் சிதையாதவை) என்ற சர்ச்சையில் மாட்டியிருக்கிறது; அதை விற்றுவந்த த்ரீஎம் நிறுவனம், அந்த வகை ரசாயனங்களின் உற்பத்தியை 2025 இறுதிக்குள் நிறுத்துவதாக 2022-லேயே அறிவித்துவிட்டது.

ஆகவே ஏதாவது ஒரு வாயுவை நம்பி 'ஸ்பெஷலைஸ்' செய்ய வேண்டாம். வாயுவில் மின்முறிவு (காப்பு உடைந்து மின்சாரம் பாய்வது) எப்படி நடக்கிறது, மின்புலத்தை எப்படிக் கணக்கிடுவது, பகுதி மின்னிறக்கத்தை (காப்பின் ஒரு பகுதியில் மட்டும் எழும் சிறு மின்பொறியை) எப்படி அளப்பது என்பவை எந்த வாயு வந்தாலும் தேவைப்படும். மின்புலத்தைக் கணினியில் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருள் ஒன்றையாவது கைவசப்படுத்தட்டும். மேற்படிப்புக்குக் கேட் (GATE) தேர்வு எழுதினால் பெங்களூரு ஐஐஎஸ்சி, சென்னை ஐஐடி. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் உயர் மின்னழுத்தப் பொறியியலுக்கே தனி எம்.இ. இருக்கிறது. வேலைக்கு, கருவி தயாரிக்கும் நிறுவனங்கள் ஒரு பக்கம் (வாயுக்காப்பு ஸ்விட்ச்கியர், அதாவது வாயு நிரப்பிய மின்துண்டிப்புக் கருவிகள் செய்யும் ஆலை சென்னைக்குப் பக்கத்திலேயே படப்பையில் உண்டு), சோதனைக்கூடங்களும் மின்வாரியமும் மறுபக்கம். தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் ஐடியைவிடக் குறைவு. அதை ஒளிக்க விரும்பவில்லை.

ஆபத்து பற்றியும் கேட்டிருந்தீர்கள். சுத்தமான எஸ்எஃப்6 நஞ்சில்லை. ஆனால் காற்றைப்போல ஐந்து மடங்கு கனம், கேபிள் குழியில் தேங்கினால் மூச்சு முட்டும். கருவிக்குள் தீப்பொறி பட்ட வாயுக் கலனைத் திறந்தால் உள்ளே வெள்ளைப் பொடி படிந்திருக்கும், அதுதான் நச்சு. கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடச் சொல்லும் இடத்தில் வேலைக்குச் சேர வேண்டாம்.

இப்போதைக்கு ஒன்று செய்யலாம். கல்லூரி லேபில் இருக்கும் 100 கேவி டிரான்ஸ்ஃபார்மர் உண்மையிலேயே ஓடுகிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள் (பல இடங்களில் அது ஆய்வுக்குழு வரும் அன்றுதான் விழிக்கும்). ஓடினால், உலர்காற்றிலும் கார்பன் டை ஆக்சைடிலும் முறிவு மின்னழுத்தத்தை அளந்து ஒப்பிடுவதையே இறுதியாண்டு புராஜெக்டாக எடுக்கலாம்.