நாள்பட்ட நுரையீரல் நோய்: கேளுங்கள், சொல்கிறேன்

சிஓபிடி (மூச்சுக்குழாய் குறுகிக் காற்று வெளியேறச் சிரமப்படும் நோய்) போன்ற நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்குக் குழு வகுப்பு நடத்தும் பிசியோதெரபிஸ்ட் நான். நடை, மூச்சுப் பயிற்சி, இன்ஹேலர் பற்றித் தாராளமாகக் கேளுங்கள். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் பார்க்க வேண்டியது.

கே: அப்பாவுக்கு நாலடி வைத்தாலே மூச்சு வாங்குகிறது. அவரைப் போய் நடக்கச் சொல்வது கொடுமை இல்லையா?

ப: இந்தப் பயம்தான் பலரை நாற்காலியிலேயே முடக்கிவிடுகிறது. உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை வற்றும். வற்றிய தசை சின்ன வேலைக்கே லாக்டிக் அமிலத்தை வெளிவிடும். அதை ஈடுகட்ட இன்னும் வேகமாக மூச்சுவிட வேண்டிவரும். மூச்சு வாங்குகிறதே என்று நடையை மேலும் குறைப்பார், தசை மேலும் வற்றும். வகுப்பில் முதலில் ஆறு நிமிட நடைச் சோதனை வைத்து அவருக்கான வேகத்தை முடிவு செய்வோம். மூச்சுத் திணறலுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொன்னால் 3, 4 என்று அவர் சொல்லும் வேகம் சரி. வாரம் 2, 3 நாள், குறைந்தது 6 முதல் 8 வாரம். ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனையான ஸ்பைரோமெட்ரியின் எண் பெரிதாக மாறாது. மாடிப்படி ஏறுவது மாறும். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

கே: இன்ஹேலர் பழக்கமாகிவிடுமா?

ப: ஆகாது. ஆனால் நீங்கள் அடிப்பது சரியா என்று யாரிடமாவது அடித்துக் காட்டினீர்களா?

கே: நான் வீடியோ பார்த்து வீட்டிலேயே செய்கிறேன். கும்பலாக உட்கார்ந்து இருமினால் தொற்றுதானே மிச்சம்?

ப: தொற்றுப் பயம் நியாயமானது. சளி, காய்ச்சல் இருந்தால் வகுப்புக்கு வரவே கூடாது. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். ஆனால் வீடியோவுக்கு உங்கள் கை தெரியாது. வகுப்பில் ஒருவர் ஸ்ப்ரே இன்ஹேலரை அழுத்திவிட்டு அப்புறம்தான் மூச்சை இழுப்பார். மருந்து உதட்டோரம் புகையாக வெளியே போகும். பக்கத்து நாற்காலிக்காரர்தான் அதைக் கண்டுபிடித்தார்.

அவரே மீண்டும்: உங்கள் வகுப்பில் ஆக்சிஜன் குழாயோடு வந்தவரைப் பார்த்துவிட்டு என் அம்மா அன்று தூங்கவில்லை. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ப: வருத்தமாக இருக்கிறது. எல்லாருக்கும் நோய் ஒரே வேகத்தில் போகாது என்பதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொருவர்: குழாயோடு வருகிறவன் நான். குளித்ததும் நின்றபடி துவட்டாமல், துண்டைப் போர்த்திக்கொண்டு ஸ்டூலில் உட்காருங்கள் என்று நான் சொன்னதை வகுப்பில் எல்லாரும் செய்கிறார்கள். என்னைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

ப: நன்றி ஐயா, இதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. வீடியோ பற்றிக் கேட்டவருக்கு: அம்மாவுக்கு மனமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். வீட்டிலிருந்தே, தெரபிஸ்ட் ஒருவர் போனில் தொடர்ந்து கவனிக்க நடத்தும் பயிற்சியும் நல்ல பலன் தருகிறது. கவனிக்க ஒருவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் பிடிவாதம்.

கே: திடீரென்று மூச்சு முட்டினால்?

ப: உட்கார்ந்து முன்னால் சாய்ந்து முழங்கையைத் தொடையில் ஊன்றுங்கள். மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, உதட்டைக் குவித்து நாலு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். அடைபட்ட காற்று வெளியேற வழி கிடைக்கும். டாக்டர் சொன்னபடி நிவாரண இன்ஹேலரை எடுங்கள். அடங்கவில்லை, பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால் ஆஸ்பத்திரிக்கு.

கே: சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 90 சதவீதம் காட்டுகிறது. ஆக்சிஜனைக் கூட்டலாமா?

ப: நீங்களாகக் கூட்டாதீர்கள். சிஓபிடி உள்ள பலருக்கு 88 முதல் 92 வரைதான் இலக்கு. அளவு மீறினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறலாம். உங்கள் இலக்கை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

கே: இன்ஹேலர் அடிமையாக்கும் என்கிறார்களே?

ப: மேலே சொல்லிவிட்டேன். இதையே இன்னும் நாலு பேர் அனுப்பியிருக்கிறீர்கள், அவர்களுக்கும் இதுதான் பதில். அடித்துக் காட்டுங்கள்.

கே: எந்த ஆன்டிபயாட்டிக் நல்லது?

ப: டாக்டரிடம் கேளுங்கள். சளி நிறம் மாறினாலோ அளவு கூடினாலோ அன்றே கேளுங்கள்.

கே: ஸ்பேசரை (ஸ்ப்ரே இன்ஹேலரில் மாட்டும் பிளாஸ்டிக் குழல்) கழுவித் துணியால் துடைக்கலாமா?

ப: துடைக்காதீர்கள். பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி, தானாகக் காய விடுங்கள்.