மாங்கூழ் வரி குறைந்தது. மாங்காய் விலை ஏன் ஏறவில்லை?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் ஆறு ஏக்கரில் தோத்தாபுரி மா வைத்திருக்கிறேன். மாங்கூழுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனபோது எங்களுக்கும் விலை கூடும் என்றார்கள். ஃபேக்டரியில் அந்தப் பேச்சே இல்லை. இப்போது லோடு பிடிக்கும் ஏஜென்ட், ‘வரியைத் திரும்ப ஏற்றினால் உங்கள் விலையில்தான் கை வைப்பார்கள்’ என்கிறார். அப்படி நடக்குமா? எங்கள் உழவர் குழு ஊறுகாயும் கூழும் தயாரிக்க யோசிக்கிறது. நடுவில் வரி மாறினால் என்ன செய்வது? டிராக்டரை இப்போதே வாங்கிவிடலாமா?

பதில்: ஏஜென்ட் சொல்வதற்குக் கணக்கில் இடமில்லை. மாங்கூழ் வரி இறங்கினாலும் ஏறினாலும் உங்கள் மாங்காய் விலையைத் தொட நியாயமான காரணம் கிடையாது. ஆனால் நியாயம் இல்லாமலும் விலையைக் குறைப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

நீங்கள் விற்கும் மாங்காய்க்கு ஜிஎஸ்டியே இல்லை. ஃபேக்டரி அதைக் கூழாக்கிக் குளிர்பான கம்பெனிக்கு விற்கும்போதுதான் வரி வருகிறது. 10 லட்ச ரூபாய்க் கூழ் என்றால் முன்பு 1,20,000 வரி. 2025 செப்டம்பர் 22 முதல் 50,000. குளிர்பான கம்பெனி இதைக் கட்டினாலும், பாட்டிலை விற்கும்போது தான் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிறது. முன்பு 1,20,000 கட்டி 1,20,000 கழித்தது, இப்போது 50,000 கட்டி 50,000 கழிக்கிறது. நடுவில் வரும் வரி கை மாறிப் போகிற பணம், யாருடைய செலவும் இல்லை. வளைகுடாவுக்குக் கப்பல் ஏறும் டின்களுக்கு இந்தப் பேச்சே எழாது. ஏற்றுமதியில் வரிச் சுமை கிடையாது.

ஃபேக்டரிக்கு ஒரு லாபம் உண்டு, மறுக்கவில்லை. வாங்குபவர் மூன்று மாதம் கழித்துப் பணம் தந்தாலும், ஃபேக்டரி அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் வரியைக் கட்டியாக வேண்டும். அந்த வகையில் 10 லட்சத்துக்கு 70,000 ரூபாய் முடங்காமல் தப்புகிறது. ஆண்டு வட்டி 12 சதவீதம் என்றால் மூன்று மாதத்துக்கு 2,100 ரூபாய். கூழ் கிலோ 50 ரூபாய், இரண்டு கிலோ காய்க்கு ஒரு கிலோ கூழ் என்று வைத்தால், அந்த 10 லட்சத்துக்குப் பின்னால் 40 டன் மாங்காய். கிலோவுக்கு 5 காசு! வரி பழையபடி 12 ஆனால் ஃபேக்டரிக்குக் கூடும் சுமையும் இதே 5 காசுதான். ‘வரி ஏறிவிட்டது, ஒரு ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்று வந்தால், இந்தக் கணக்கை அவர் முன்னாலேயே போட்டுக் காட்டுங்கள்.

சரி, குறைத்த வரி எங்கே போனது? கடைசியில் பாக்கெட் வாங்குபவர் கட்டும் வரிதான் உண்மையான வரி. அதுவும் அதே நாளில் 12லிருந்து 5 ஆனது. 10 ரூபாய் மாம்பழ ஜூஸ் பாக்கெட்டைப் பாருங்கள். பழைய வரியில் கம்பெனிக்கும் கடைக்காரருக்குமாகச் சேர்ந்தது 8 ரூபாய் 93 காசு. விலையை 10 ரூபாயிலேயே விட்டால் இப்போது 9 ரூபாய் 52 காசு. பாக்கெட்டுக்கு 59 காசு கூடுதல். அதே பாக்கெட் 150 மில்லி, அதில் 15 சதவீதம் கூழ் என்று வைத்துக்கொள்வோம். 45 கிராம் மாங்காய் போதும். கிலோ 6 ரூபாய் என்றால் உங்கள் பங்கு 27 காசு. வரியில் மிச்சமான 59 காசு, அதற்குள் இருக்கும் மாங்காயின் விலையைப் போல இரண்டு மடங்கு! விலையைக் குறைத்தார்களா, அளவைக் கூட்டினார்களா என்பதைப் பாக்கெட்டில் அச்சடித்திருப்பதை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம். எப்படியானாலும் அது தோட்டம் வரை வராது. ஜூன், ஜூலையில் காய் ஒரே நேரத்தில் முற்றுகிறது. வைத்திருந்து விற்க முடியாது. விலையைத் தீர்மானிப்பது பழைய கூழ் கையிருப்பும், சித்தூர் பக்க விளைச்சலும், ஏற்றுமதி ஆர்டரும்தான்.

வரிச் சலுகையைக் கொடுத்துப் பின்னர் ரத்து செய்தால் என்ன ஆகும் என்பதற்குப் பின்லாந்தில் நல்ல பாடம் இருக்கிறது. 2007இல் முடிதிருத்தும் கடைகளுக்கான வரியை 22லிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். 2012இல் சலுகையை எடுத்துவிட்டு 23 ஆக்கினார்கள். குறைத்தபோது கட்டணம் இறங்கியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஏற்றியபோது கூடியது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் ஊரில் 2017 நவம்பரில் ஏசி ஓட்டல்களுக்கு வரி 18லிருந்து 5 ஆனபோது பில்லில் எவ்வளவு குறைந்தது என்று நினைத்துப் பாருங்கள். (ஓட்டல்காரர்களைக் கேட்டால், வாங்கும் சாமானுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியை எடுத்துவிட்டார்களே என்பார்கள். அதுவும் உண்மைதான்.) வரிக் குறைப்பை மக்களுக்குத் தராதவர்கள் மீது புகார் செய்யச் சட்டத்தில் தனி ஏற்பாடு இருந்தது, 2025 ஏப்ரல் 1 முதல் புதிய புகார் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். ஏறக்குறைய ஆறு மாதம் கழித்துத்தான் இந்தப் பெரிய குறைப்பு வந்தது. எனக்கு இது சரியாகப் படவில்லை.

திரும்ப ஏற்றுவார்களா? எந்தத் தனி மாநிலமும் அதைச் செய்ய முடியாது. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்திருக்கும் ஜிஎஸ்டி கவுன்சிலில் நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும், மொத்த வாக்கில் மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசுடையது. ஆனாலும் சலுகைகள் போவதுண்டு. 2022 ஜூலையில் பாக்கெட் அரிசிக்கு 5 சதவீதம் வந்ததும், 25 கிலோவைத் தாண்டினால் வரி இல்லை என்பதால் 26 கிலோ மூட்டை கடைக்கு வந்தது நினைவிருக்கும்.

இனி உங்கள் குழுவின் விஷயம். யாருக்குக் கூழ் தந்தாலும் ‘வரி உட்பட கிலோ இத்தனை’ என்று கையெழுத்துப் போடாதீர்கள். ‘அடிப்படை விலை இவ்வளவு, சப்ளை நாளில் அமலில் உள்ள ஜிஎஸ்டி தனி’ என்று எழுதுங்கள். வரி மாறும் வாரத்தில் சரக்கு அனுப்புவது, பில் போடுவது, பணம் வாங்குவது ஆகிய மூன்றில் எந்த இரண்டு, மாறும் தேதிக்கு முன்போ பின்போ, ஒரே பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்து விகிதமே பொதுவாகப் பொருந்தும். அந்த நேரத்தில் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் ஆடிட்டரைக் கேட்காமல் பில் போடாதீர்கள். முதலில் ஊறுகாய் மட்டும் என்றால், ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருக்கும்வரை விற்பனையில் 1 சதவீதம் கட்டும் தொகுப்புத் திட்டத்தில் சேரலாம். 12ஓ 5ஓ, உங்களுக்குக் கவலை இல்லை. ஆனால் அதில் இருந்துகொண்டு ஓசூரைத் தாண்டி, கர்நாடகத்திலுள்ள அத்திப்பள்ளிக் கடைக்கு ஒரு பெட்டிகூட விற்கக் கூடாது.

டிராக்டர் கதை வேறு. அங்கே வரியைக் கட்டுவதே நீங்கள்தான், கழித்துக்கொள்ள உங்களுக்கு வழியில்லை. 12லிருந்து 5 ஆனதில் 6 லட்சம் அடிப்படை விலையுள்ள வண்டிக்கு 42,000 ரூபாய் மிச்சம். சொட்டுநீர்ச் சாமானுக்கும் அதே 5, டிராக்டர் டயருக்கு 18லிருந்து 5. இந்த ஆண்டு எப்படியும் வாங்குவதாக இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். வரிக்குப் பயந்து, தேவை இல்லாத வண்டிக்குக் கடன் மட்டும் வாங்க வேண்டாம். ஆறு ஏக்கருக்கு வாடகை டிராக்டரே போதுமா என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள். வாங்கும்போது டீலரிடம் அடிப்படை விலையையும் வரியையும் தனித்தனியாகக் காட்டிய கொட்டேஷன் கேளுங்கள். 2025 செப்டம்பருக்கு முந்தைய கொட்டேஷன் அக்கம்பக்கத்தில் யாரிடமாவது இருந்தால் அடிப்படை விலையை ஒப்பிட்டுவிடுங்கள்.