‘ஓன் போர்டு’ வேனில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை: பெற்றோர் யாரைக் கேட்பது?

கேள்வி: எங்கள் மகள் திருப்பூரில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். நானும் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை செய்வதால் காலையிலும் மாலையிலும் அவளை ஓர் ஆம்னி வேனில் அனுப்புகிறோம். அந்த வேனில் 16 பிள்ளைகள் ஏற்றப்படுகிறார்கள். பள்ளியில் கேட்டால், “வேன் எங்களுடையது அல்ல, அது பெற்றோர் ஏற்பாடு” என்கிறார்கள். ஆனால் சேர்க்கையின்போது வேன்காரரின் எண்ணைத் தந்ததே பள்ளி அலுவலகம்தான். போக்குவரத்துக்குப் பள்ளி பொறுப்பல்ல என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். புகார் செய்தால் வேன் நின்றுவிடுமோ, பள்ளியில் பிள்ளையை வேறு மாதிரி நடத்துவார்களோ என்று அச்சமாக இருக்கிறது. நாங்கள் என்ன செய்வது?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானதுதான் என்றாலும், அதைவிட அவசரமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நாளைக் காலை வேன் வந்து நிற்கும்போது அதன் எண் பலகையைப் பாருங்கள். மஞ்சள் நிறப் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது வாடகைக்கு ஓட அனுமதி பெற்ற, நம் ஊரில் ‘டி போர்டு’ என்று சொல்லப்படும் வண்டி. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே பதிவான ‘ஓன் போர்டு’ வண்டி. ஊருக்குள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடும் ஆம்னிகளில் பல இரண்டாம் வகையைச் சேர்ந்தவை என்பதால், உங்கள் வேனும் அப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டே பதில் எழுதுகிறேன்.

மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஓன் போர்டு வண்டியில் பிள்ளைகளை ஏற்றுவது, பெர்மிட் இல்லாமல் வாகனத்தை வாடகைக்கு ஓட்டும் குற்றமாகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 192-ஏ பிரிவு அதற்கு 10,000 ரூபாய் அபராதத்தையும் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையையும் வகுத்திருக்கிறது. இது வேன்காரரின் தலைவலி, நமக்கென்ன என்று நினைக்கலாம். உங்களை நேரடியாகத் தொடுவது காப்பீடுதான். சொந்த வண்டிக்குச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் குறைந்தபட்சக் காப்பீடு அந்த வண்டியால் வெளியாருக்கு நேரும் பாதிப்புக்கானது. உள்ளே அமர்ந்திருப்பவருக்கு அது பொருந்தாது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியிருக்கின்றன. கூடுதல் பணம் கட்டி முழுக் காப்பீடே எடுத்திருந்தாலும், வண்டி வாடகைக்கு ஓடியது என்று தெரிந்தவுடன் காப்பீட்டு நிறுவனம் அதையே காரணமாக வைத்து வழக்காடும். பிறகு இழப்பீட்டுக்காக நீங்கள் தேடிப்போக வேண்டியது, அந்த ஆம்னியைத் தவிர வேறு சொத்தில்லாத ஒரு மனிதரைத்தான். ‘இன்சூரன்ஸ் எல்லாம் கரெக்டா இருக்கு’ என்று வேன்காரர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் மகளுக்கு அது பயன்படாது, அவ்வளவுதான்.

அடுத்தது எண்ணிக்கை. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளாக இருந்தால் இருக்கை எண்ணிக்கையின் ஒன்றரை மடங்கு வரை ஏற்றலாம் என்று பள்ளி வாகனங்களுக்கான வழிகாட்டுதல்களில் ஒரு சலுகை உண்டு. வேன்காரர்களும் ஆட்டோக்காரர்களும் பள்ளிகளும் மனப்பாடமாக ஒப்பிப்பது இந்த ஒன்றைத்தான் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாவதாக, இது பெர்மிட் உள்ள வண்டிக்கான சலுகை. ஓன் போர்டு வண்டியில் கட்டணத்துக்கு ஒரே ஒரு பிள்ளையை ஏற்றுவதும் தவறு என்பதால் அங்கே ஒன்றரை மடங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டாவதாக, இருக்கை என்பது பதிவுச் சான்றில் எழுதியிருக்கும் எண்ணிக்கையே தவிர, பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு இரு பக்கமும் அடித்துவைத்திருக்கும் மரப்பலகை அல்ல; அப்படி மாற்றி அமைப்பதே தனிக் குற்றம். மூன்றாவதாக, அந்த எண்ணிக்கையில் ஓட்டுநரின் இருக்கையும் சேர்ந்திருக்கும், அதைக் கழித்துவிட வேண்டும். எட்டு இருக்கை ஆம்னி என்றால் பிள்ளைகளுக்கு ஏழு. அதன் ஒன்றரை மடங்கு பத்தரை, அதாவது பத்துப் பிள்ளைகள். நான்காவதாக, பன்னிரண்டு வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் முழு ஆள். ஏழு இருக்கையில் மூன்று பேர் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் என்றால், மீதி நான்கு இருக்கைக்கு ஆறு சிறு பிள்ளைகள், ஆக மொத்தம் ஒன்பது பேர். ஆட்டோவுக்கும் இதே கணக்குத்தான்; மூன்று இருக்கைக்கு நாலரை என்று வரும், அதை எவ்வளவு தாராளமாகப் பார்த்தாலும் ஐந்தைத் தாண்டாது. எந்த வழியில் கூட்டிப் பார்த்தாலும் உங்கள் வேனின் 16 இதற்குள் அடங்காது.

அளவுக்கு மீறி ஏற்றினால் ஒரு தலைக்கு 200 ரூபாய் அபராதம் என்கிறது 194-ஏ பிரிவு. கூடுதலாக ஆறு பேர் என்று வைத்தால் 1,200 ரூபாய். ஒரு பிள்ளையின் மாதக் கட்டணத்திலேயே ஏறக்குறைய அது அடைபட்டுவிடும். அதே பிரிவில், அதிகப்படியானவர்களை இறக்கி அவர்களுக்கு மாற்று வண்டி ஏற்பாடு செய்யும் வரை அந்த வாகனத்தை நகர்த்தக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி நேரமாகிறது என்ற இரக்கத்தில் அந்தப் பாதியைச் சாலையில் யாரும் செயல்படுத்துவதில்லை. ஜனவரி மாதம் வந்தால் சாலைப் பாதுகாப்பு மாதம் என்று பிள்ளைகளின் கையில் வாசக அட்டையைக் கொடுத்து வெயிலில் பேரணி நடத்துகிறார்கள், ஓவியப் போட்டி வைத்துச் சான்றிதழ் தருகிறார்கள். பேரணி முடிந்ததும் அதே பிள்ளைகள் அதே ஆம்னியில் ஒருவர் மடியில் ஒருவராக ஏறி வீடு போகிறார்கள். போலீஸைக் கண்டால் தலையைக் குனிந்துகொள், யாராவது கேட்டால் ‘எங்க மாமா வண்டி’ என்று சொல் என்று வேனுக்குள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படுவதும் ஒரு கல்விதான். அந்தப் பாடத்தை எந்தத் துறை ஆய்வு செய்கிறது என்று கேட்டால், போக்குவரத்துத் துறை கல்வித் துறையைக் காட்டும், கல்வித் துறை காவல் துறையைக் காட்டும்.

இனி பள்ளியின் பொறுப்புக்கு வருவோம். 2012 ஜூலையில் சென்னை தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து, இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அந்தப் பேருந்து பள்ளியின் சொந்த வண்டி அல்ல, ஒப்பந்த வண்டி. அது தகுதிச் சான்று பெற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அவ்வழக்கை எடுத்துக்கொண்டதன் தொடர்ச்சியாக அதே ஆண்டில் தமிழ்நாடு மோட்டார் வாகன (பள்ளிப் பேருந்துகள் முறைப்படுத்தல் மற்றும் கட்டுப்பாடு) சிறப்பு விதிகள் வந்தன. வண்டி ஒப்பந்தக்காரருடையது என்ற சமாதானம் அத்துடன் காலாவதியாகிவிட்டது. இப்போது சில பள்ளிகள் ஒப்பந்தத்தையும் விட்டுவிட்டு, ‘பெற்றோர் ஏற்பாடு’ என்ற மூன்றாவது வாசலைத் திறந்திருக்கின்றன. உண்மையிலேயே நாலைந்து பெற்றோர் சேர்ந்து தாங்களாகவே ஒரு டி போர்டு வண்டியைப் பேசியிருந்தால் பள்ளி அப்படிச் சொல்லலாம். அலுவலகமே எண்ணைத் தந்து, வேனை வளாகத்துக்குள் நிறுத்த இடமும் கொடுத்துவிட்டு அப்படிச் சொல்ல முடியாது. பணம் எவ்வழியில் போனது என்பதுதான் இங்கே முதல் சாட்சி. பள்ளி ரசீதில் ‘போக்குவரத்து’ என்ற வரி இருந்தாலோ, பள்ளியின் கணக்குக்குப் பணம் சென்றிருந்தாலோ அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். அலுவலகம் வேன்காரரின் எண்ணை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தால் அதையும் அழிக்காதீர்கள்.

நீங்கள் கையெழுத்திட்ட தாளைப் பற்றிக் கலங்க வேண்டாம். பெற்றோர் எழுதிக்கொடுத்தார் என்பதற்காக அலட்சியத்துக்கான பொறுப்பிலிருந்து யாரும் விடுபட்டுவிட மாட்டார்கள். அந்தத் தாள் உங்களை மிரட்டிப் பேசவிடாமல் செய்வதற்கு மட்டுமே பயன்படும். அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தரத் தயங்கினால் அதன் மதிப்பு உங்களுக்கே விளங்கிவிடும்.

இதைப் படித்தபின் வேனை விட்டுவிட்டுப் பள்ளியின் சொந்தப் பேருந்துக்கு மாற்றிவிடலாம் என்று தோன்றும். மாற்றுங்கள், ஆனால் மஞ்சள் நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஒவ்வோராண்டும் மே மாதத்தில் வருவாய், காவல், போக்குவரத்து, கல்வித் துறையினர் மைதானத்தில் பள்ளிப் பேருந்துகளை வரிசையாக நிறுத்திக் கூட்டாய்வு செய்வார்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலில் குடையின் கீழ் உட்கார்ந்திருக்கும் புரோக்கர்களுக்கு அது அறுவடைக் காலம். தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றை அன்றைய ஒரு நாளுக்கு மட்டும் வாடகைக்குக் கொடுத்து, ஆய்வு முடிந்ததும் கழற்றி அடுத்த வண்டியில் மாட்டும் தொழில் நடக்கிறது. வேகக்கட்டுப்பாட்டுக் கருவியைச் சான்று வாங்கும் வரை இணைத்துவைத்து, திரும்பும் வழியிலேயே ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள். ஆகவே ஜூலையிலோ ஆகஸ்டிலோ ஒரு நாள் நீங்களே பேருந்தில் ஏறிப் பாருங்கள். பள்ளிப் பேருந்து குறித்து 1997-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய உத்தரவிலேயே, பாதுகாப்பு விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கப் பெற்றோர் பேருந்தில் பயணம் செய்யலாம் என்று இருக்கிறது. ஆகவே இது நீங்கள் கேட்கும் சலுகை அல்ல.

ஏறியவுடன் அவசர வழியைத் திறக்கச் சொல்லுங்கள். உபரி டயரோ புத்தக மூட்டையோ அதன் முன்னால் கிடக்கிறதா, தாழ்ப்பாளைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். தீயணைப்பானின் சிறு முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும். சிவப்புக்குச் சரிந்திருந்தால் அது வெறும் உருளை. காலடியில் விரித்திருக்கும் ரப்பர் விரிப்பை ஓரத்தில் தூக்கிப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். தகடு துருப்பிடித்திருந்தால் தெரிந்துவிடும். உதவியாளர் ஒருவர் இருக்கிறாரா, அவர் கீழே இறங்கிப் பிள்ளையை இறக்கிவிட்டு, வண்டிக்கு முன்னும் பின்னும் யாரும் இல்லை என்று பார்த்த பிறகு குரல் கொடுக்கிறாரா என்பது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். 2022 மார்ச்சில் சென்னையில் ஒரு பள்ளி வளாகத்துக்குள்ளேயே பள்ளி வேன் மோதி ஓர் இரண்டாம் வகுப்புச் சிறுவன் இறந்த பிறகு, பள்ளி வாகனங்களின் முன்னும் பின்னும் கேமராவும் பின்னால் உணர்கருவியும் பொருத்த வேண்டும் என்று அரசு விதியைத் திருத்தியது. பல வண்டிகளில் அந்தக் கேமராவின் திரை, ஓட்டுநர் மாட்டிய சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

புகார் செய்வதைப் பற்றி. முதலில் வண்டி எண்ணை ‘எம்-பரிவாகன்’ செயலியில் இட்டு, அதன் வகை, காப்பீட்டுக் காலம், தகுதிச் சான்றுக் காலம் ஆகியவற்றைப் படம்பிடித்து வையுங்கள். எண் பலகை தெரியும்படி வண்டியையும் ஒரு படம் எடுங்கள். பிள்ளைகளின் முகம் அதில் வேண்டாம். தனியாகச் செல்லாமல், அதே வேனில் பிள்ளையை அனுப்பும் மூன்று நான்கு பெற்றோர் சேர்ந்து கையெழுத்திடுங்கள். பிள்ளையைப் பழிவாங்குவார்களோ என்ற அச்சத்துக்கு நான் அறிந்த ஒரே மருந்து அதுதான். மனுவை வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு எழுதி, மாவட்டக் கல்வி அலுவலருக்கு (தனியார் பள்ளிகள்) நகல் அனுப்புங்கள். வண்டி எண், ஏற்றும் நேரம், வழித்தடம், ஏற்றும் எண்ணிக்கை, பள்ளி அலுவலகம் பரிந்துரைத்த விவரம் ஆகிய ஐந்தும் இருந்தால் ஒரு பக்கம் போதும். “தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்” என்று மட்டும் முடித்தால், “தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டது” என்று பதில் வரும். ஆகவே அந்த வண்டி தணிக்கை செய்யப்பட்ட நாளையும் கண்டறிந்ததையும் எழுத்தில் தெரிவிக்குமாறு கேளுங்கள்.

திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் நாளில் மனுவின் ஒரு பிரதியை ஆட்சியரிடம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவரும் அவரே. வேலையை விட்டுப் போக முடியாதென்றால் 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணிலும், பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் பதிவு செய்யலாம். முப்பது நாளில் பதில் இல்லையென்றால், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த மனுவின் மீது எடுத்த நடவடிக்கையின் கோப்பு நகலைக் கேளுங்கள். இதற்கென்று எந்த இடைத்தரகரும் வேண்டாம். ‘பிரஸ்’ என்று ஒட்டிய வண்டியில் வந்து, “நான் பேசி முடித்துத் தருகிறேன்” என்பவர்களிடம் மனுவின் நகலைக்கூடக் கொடுக்காதீர்கள். அவர்கள் அதைக் காட்டி வேன்காரரிடம் பணம் வாங்கிக்கொண்டு போவார்கள். வேன் அப்படியே ஓடும், உங்கள் பெயர் மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

வேன் நின்றுவிடுமோ என்ற கேள்விக்கு நேரடியாகவே சொல்கிறேன்: நின்றுவிடலாம். அதற்கு முன்னதாக, கையெழுத்திட்ட பெற்றோர் சேர்ந்து டி போர்டு வேன் ஒன்றைப் பேசி வையுங்கள். பத்துப் பேருக்கு மேல் ஏற்றுவதில்லை என்று பேசினால் கட்டணம் இப்போதையதைவிடக் கூடத்தான் செய்யும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பெர்மிட், காப்பீடு இரண்டின் நகலையும் கையில் வாங்கி, அவற்றிலுள்ள எண்ணும் வண்டியின் எண்ணும் ஒன்றுதானா என்று நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.